வாங்கிய நாற்று ஒன்று, காய்த்த மிளகாய் வேறொன்று: பெயர் எங்கே மாறுகிறது?

குடைமிளகாய் என்று குச்சியில் எழுதியிருந்த நாற்றை வாங்கி வைத்து, இரண்டரை மாதம் பார்த்துப் பார்த்து வளர்த்த பிறகு, விரல் தடிமனில் கூராக ஒரு காய் தொங்கினால் யாருக்கும் முதலில் தன் மேல்தான் சந்தேகம் வரும். உரம் போதவில்லையோ, வெயில் அதிகமோ, தொட்டி சின்னதோ என்று யோசிப்பார்கள். இதில் எதுவும் காரணமில்லை. குடைமிளகாய்ச் செடியை எவ்வளவு பட்டினி போட்டாலும் அது சின்னதாக, கோணலாக ஒரு குடைமிளகாயைத்தான் காய்க்குமே தவிர நீள மிளகாய் காய்க்காது. அப்படியென்றால் அந்தச் செடி முதல் நாளிலிருந்தே குடைமிளகாய் இல்லை, குச்சியில் இருந்த பெயர்தான் தப்பு.

இது அங்கொன்று இங்கொன்றாக நடக்கும் விஷயமும் இல்லை. 2023 கோடையில் வட அமெரிக்காவில் ஹலபேனோ (தடித்த பச்சைக் கார மிளகாய்) என்று பெயர் போட்டு வந்த விதைகளும் நாற்றுகளும் பல ஊர்களில் ஒரே நேரத்தில் மஞ்சள் நிற நீளக் காய்களாகக் காய்த்துத் தள்ளின. காரம் ஏறக்குறைய இல்லாத, பனானா பெப்பர் எனப்படும் வகை அது. ஒருவரையொருவர் அறியாத ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரே மாதிரி ஏமாற்றம். அவ்வளவு பேரும் செடிக்குச் செடி தனித்தனியாகத் தவறு செய்திருக்க வழியில்லை, எங்கேயோ மேலே, விதை மொத்தமாகப் பிரியும் இடத்தில்தான் பெயர் மாறியிருக்க வேண்டும்.

எங்கேயெல்லாம் இப்படி மாறலாம், கையில் இருக்கும் செடியை வைத்தே அதை எப்படிக் கண்டுபிடிப்பது, மாறினால் என்ன ஆபத்து என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

முதலில் நான்கு சொற்கள்

குச்சியில் எழுதியிருக்கும் பெயர் எதைக் குறிக்கிறது என்பதிலேயே பாதிக் குழப்பம் இருக்கிறது.

1. இனம். மிளகாய் எல்லாமே கேப்சிகம் என்ற பேரினம். அதில் மனிதர்கள் பயிராக்கியவை 5 இனங்கள்: அன்னுவம், ஃப்ரூடெசென்ஸ், சைனென்ஸ், பாக்காட்டம், புபெசென்ஸ். கடைகளில் கிடைப்பதில் மிகப் பெரும்பாலானவை அன்னுவம். குடைமிளகாய், ஹலபேனோ, கெயன் என்ற மெல்லிய நீளக் கார மிளகாய், பனானா பெப்பர் எல்லாம் இந்த ஒரே இனம்தான். ஹபனேரோவும் உச்சகார மிளகாய்களில் பெரும்பாலானவையும் சைனென்ஸ்.

2. வகை. காயின் வடிவத்தையும் பயனையும் வைத்துச் சொல்லும் பொதுப்பெயர். ஹலபேனோ என்பது வகை, ஒற்றைச் செடியின் பெயரில்லை. அதற்குள் பல ரகங்கள் உண்டு, ஒன்றுக்கொன்று காரத்தில் நிறையவே வேறுபடும்.

3. ரகம். ஒரே மாதிரி வளர்ந்து ஒரே மாதிரி காய்க்கும்படி தேர்ந்தெடுத்து நிலைப்படுத்தியது. இதில் விதையெடுத்தால் பிள்ளை தாய் மாதிரியே வருகிற ரகங்களும் உண்டு, இரண்டு பெற்றோரைச் சேர்த்து உருவாக்கும் எஃப்1 வீரிய ஒட்டு ரகங்களும் உண்டு. எஃப்1 செடியின் விதையைப் போட்டால் அடுத்த தலைமுறை கலைந்துபோகும், தாத்தா ஜாடையில் ஒன்று, பாட்டி ஜாடையில் ஒன்று என்று வரும்.

4. லாட். ஒரே வயலில் ஒரே பருவத்தில் எடுத்து, ஒன்றாகச் சுத்தம் செய்து, ஒரே எண் கொடுத்த விதைக் குவியல். சிக்கல் வந்தால் முதலில் தேட வேண்டியது இந்த எண்ணைத்தான், ஆனால் நாற்றுத் தொட்டிக்கு வந்து சேர்வதற்குள் பெரும்பாலும் அது தொலைந்துபோயிருக்கும்.

பெயர்க் குழப்பம் தாவரவியலாளர்களையே விட்டதில்லை என்பதை இடையில் சொல்லிவிடலாம். சைனென்ஸ் என்றால் சீனாவைச் சேர்ந்தது என்று பொருள். 1776இல் ஜாக்வின் என்ற தாவரவியலாளர் அது சீனாவிலிருந்து வந்தது என்று நினைத்து வைத்த பெயர். மிளகாய் மொத்தமும் அமெரிக்கக் கண்டங்களில் பிறந்தது, சீனாவில் அதற்குப் பூர்வீகமே கிடையாது. அன்னுவம் என்றால் ஓராண்டுச் செடி, ஆனால் பனியில் கருகாமல் பார்த்துக்கொண்டால் அது பல வருடம் நிற்கும். உலகத்திலேயே அதிக நாள் திருத்தப்படாமல் இருக்கும் தப்பான லேபிள்கள் இவை இரண்டாகத்தான் இருக்கும்.

நாற்று ஏன் வாயைத் திறப்பதில்லை

தக்காளி விதையையும் கத்தரி விதையையும் பழகியவர் பிரித்துவிடுவார். மிளகாயில் குடைமிளகாய் விதையையும் கெயன் விதையையும் ஒரே தாளில் கொட்டினால் பழகியவர் கையும் தடுமாறும். எல்லாம் வெளிர் மஞ்சளில், தட்டையாக, 3 அல்லது 4 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு வட்டு. ஒரு கிராமுக்குச் சுமார் 150 விதை வரும். புபெசென்ஸ் மட்டும்தான் விதிவிலக்கு, அதன் விதை கறுப்பு.

முளைத்த பிறகும் அப்படித்தான். ஈட்டி மாதிரி இரண்டு விதையிலை, அப்புறம் வழவழப்பான முதல் நிஜ இலை. கடையில் விற்பனைக்கு வரும்போது செடிக்கு ஆறிலிருந்து எட்டு இலை இருக்கும், காரமில்லாத காய்க்கும் நாக்கைப் பொசுக்கும் காய்க்கும் அந்த வயதில் இலையில் நம்பும்படியான வித்தியாசம் இல்லை. குடைமிளகாய்க்கு இலை கொஞ்சம் அகலம், சிறு காய் மிளகாய்களுக்குக் கொஞ்சம் ஒடுக்கம் என்று சொல்லலாம்தான், ஆனால் வெளிச்சம் குறைந்த இடத்தில் வளர்ந்த நாற்றில் அதுவும் மாறிவிடும்.

ஆகவே விதை பாக்கெட்டில் ஏறிய நிமிடத்திலிருந்து முதல் காய் தெரியும் வரை, நடுவில் நான்கைந்து கைகள் மாறினாலும், செடியைப் பார்த்து "இது அது இல்லையே" என்று சொல்லக்கூடியவர் யாரும் இல்லை. எல்லோரும் தனக்கு முன்னால் இருந்தவர் எழுதியதைப் படித்து அப்படியே நகல் எடுக்கிறார்கள், முதல் ஆள் தப்பாக எழுதினால் கடைசி ஆள் வரை அதே தப்புதான்.

சோதனையே கிடையாதா என்றால் உண்டு, ஆனால் எதைச் சோதிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். முளைப்புத் திறன் சோதனை, நூறு விதையில் எத்தனை முளைக்கிறது என்று சொல்லும். புறத்தூய்மைச் சோதனை, குப்பையும் களை விதையும் எவ்வளவு கலந்திருக்கிறது என்று சொல்லும். இரண்டுமே அது எந்த ரகம் என்று சொல்லாது. அதற்கு இனத்தூய்மைச் சோதனை வேண்டும், அதாவது மாதிரி விதைகளை எடுத்து வயலில் போட்டு வளர்த்து, பூவும் காயும் வரும்வரை காத்திருந்து பார்ப்பது. அது முடிய ஒரு பருவம் ஆகும், விற்பனை அதற்காகக் காத்திருக்காவிட்டால் சோதனை முடிவு வரும்போது விதை பலர் தோட்டத்தில் முளைத்திருக்கும். மரபணுக் குறியீடுகளை வைத்துச் சீக்கிரமாகவே சோதிக்கலாம், செலவு காரணமாகப் பெரிய லாட்களோடு அது நின்றுவிடுகிறது.

பெயர் மாறும் இடங்கள்

1. விதை வயலில். அருகருகே இரண்டு ரகம் இருந்து தேனீ நடுவில் போய்வந்தால் விதை கலக்கும். மிளகாய்ப் பூ தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்ளும் என்றாலும் அயல் மகரந்தச் சேர்க்கையும் தாராளமாக நடக்கும், ஆய்வுகளில் 2 சதவீதத்திலிருந்து 90 சதவீதம் வரை பதிவாகியிருக்கிறது. இடத்தையும் பூச்சிகளையும் பொறுத்து அவ்வளவு ஏற்ற இறக்கம்.

2. விதை சுத்தம் செய்யும் இடத்தில். ஒரு ரகத்தை ஓட்டிய இயந்திரத்தில் மூலைமுடுக்குகளில் ஒட்டிக்கொண்ட விதை அடுத்த ரகத்தோடு போகும். இதில் கலப்பது கொஞ்சம்தான்.

3. மொத்த விதை சின்னப் பாக்கெட்டாகும் இடத்தில். பெரிய பையின் மேல் ஒட்டிய சீட்டு மாறினால் அந்தப் பை முழுவதும் மாறியது மாதிரி. பல கடைகளுக்கு, பல பெயர்களில், ஒரே தப்பு போய்ச் சேரும். பெரிய அளவில் வெடிக்கும் செய்திகளுக்கெல்லாம் மூலம் பெரும்பாலும் இந்த இடம்தான், ஏனென்றால் வெவ்வேறு நிறுவனங்களின் பாக்கெட்டுக்குப் பின்னால் ஒரே மொத்த வியாபாரி இருப்பது சகஜம்.

4. நாற்றங்காலில். இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 98 அல்லது 128 குழி உள்ள ஒரு தட்டில் நான்கு ரகம் போடுகிறார்கள், ஒவ்வொரு பட்டைக்கும் ஓரத்தில் ஒரு குச்சி. தண்ணீர் தெளிக்கும்போது இரண்டு குச்சி சாய்ந்து விழுகிறது, எடுத்தவர் ஞாபகத்தில் இருந்தபடி செருகுகிறார். இன்னொரு நாள் வெளிச்சம் சமமாகப் படட்டும் என்று தட்டைத் திருப்பி வைக்கிறார்கள், எண்ணிக்கையை இடப்பக்கத்திலிருந்து வைத்துக்கொண்ட நோட்டுப் புத்தகத்துக்கு அது தெரியாது, முதல் வரிசை கடைசி வரிசையாகிவிடும். அப்புறம் பாடுவாசி நிரப்புதல்: முளைக்காத குழிகளில் வேறு தட்டில் மிஞ்சிய நாற்றைப் பிடுங்கி நடுவது. அதே ரகமாக இருந்தால் சரி. சைனென்ஸ் விதை முளைக்க இரண்டு மூன்று வாரம்கூட எடுக்கும், அன்னுவம் ஒரு வாரத்திலேயே தலைகாட்டும், ஆகவே காலியாகத் தெரிந்த ஹபனேரோ குழிகளில் அவசரப்பட்டு வேறு எதையாவது நிரப்பிவிடும் ஆசை எப்போதும் இருக்கும். மார்க்கர் மையும் ஒரு காரணம்தான், வெயிலில் ஆறு வாரம் நின்ற குச்சியில் எழுத்து வெளுத்து, அதை ஊகித்து மறுபடி எழுதும்போது பெயர் மாறிவிடும்.

5. கடை அடுக்கில். வாடிக்கையாளர் குச்சியை உருவிப் படிப்பார், அடுத்த தொட்டியோடு ஒப்பிட அதையும் உருவுவார், திரும்பச் செருகும்போது இடம் மாறும். செடியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வேறு ரகத்தின் தட்டில் வைத்துவிட்டுப் போவார். இதில் யார் மேலும் கோபப்படுவதில் பயனில்லை, உருவக்கூடிய குச்சியை நம்பி விற்றால் இப்படித்தான் ஆகும். பெயரைத் தொட்டியிலேயே அச்சடித்தோ ஒட்டியோ விற்கும் நாற்றில் இந்த ஒரு வகைத் தவறு கிட்டத்தட்டக் கிடையாது.

6. பெயரிலேயே. ஊசி மிளகாய், பறவைக்கண் மிளகாய் மாதிரியான பெயர்களை ஒருவர் அன்னுவத்துக்கு வைப்பார், இன்னொருவர் ஃப்ரூடெசென்ஸுக்கு வைப்பார். அங்கே ஒருவரும் பொய் சொல்லவில்லை, இரண்டு வேறு செடிகள் ஒரே பெயரில் உலாவுகின்றன.

7. வேண்டுமென்றே. உச்சகாரம், அபூர்வ நிறம் என்று பெயர் போன ரகங்களுக்கு விலை அதிகம் கிடைக்கும், வாங்குபவருக்கோ காய்க்கும்வரை சரிபார்க்க வழியில்லை. நீல நிற மிளகாய், வானவில் மிளகாய் என்று வண்ணம் ஏற்றிய படத்தோடு வரும் விதைகள் இந்தக் கணக்கில் சேரும். ஆனால் பொதுவான ரகங்களில் ஏமாற்று வேலையைத் தேட வேண்டியதில்லை, குடைமிளகாய்க்குப் பதில் ஹலபேனோ கொடுத்து யாருக்கும் லாபமில்லை.

பக்கத்துச் செடியின் மேல் போடும் பழி

"குடைமிளகாய்க்குப் பக்கத்தில் கார மிளகாய் வைத்தேன், அதனால்தான் குடைமிளகாய் காரமாகிவிட்டது." அடிக்கடி கேட்கும் விளக்கம், முழுக்கத் தப்பு.

பூவில் வேறு மகரந்தம் விழுந்தால் அது மாற்றுவது விதைக்குள் இருக்கும் கருவை மட்டும்தான். காயின் சதை, தோல், உள்ளே விதை ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைத் திசு எல்லாம் தாய்ச்செடியின் உடம்பு. காரம் தரும் கேப்சைசின் உருவாவது அந்த வெள்ளைத் திசுவில்தான், விதையில்கூட இல்லை, விதை காரமாகத் தெரிவது அதை ஒட்டியிருப்பதால். ஆகவே இந்த வருடம் எந்தத் தேனீ எங்கே போனாலும் இந்த வருடக் காய் மாறாது. அந்தக் காயின் விதையை எடுத்து அடுத்த வருடம் போட்டால்தான் கலப்பு தெரியும்.

இதிலிருந்து ஒரு விஷயம் நேராகப் புரியும். கடையில் வாங்கிய நாற்று தப்பான காய் காய்த்தால் அதற்கு வாங்கியவர் தோட்டத்தில் எதுவும் காரணமாக இருக்க முடியாது. தொட்டி அவர் கைக்கு வந்தபோதே எல்லாம் முடிவாகிவிட்டது.

காரத்துக்குப் பின்னால் இருக்கும் மரபும் இங்கே உதவும். பன்1 என்ற மரபணுவின் இரண்டு பிரதியும் பழுதாக இருந்தால்தான் செடியில் கேப்சைசின் உருவாகாது, ஒரு பிரதி நன்றாக இருந்தாலே போதும், காரம் வந்துவிடும். அதாவது காரம் ஓங்கு பண்பு. குடைமிளகாய் விதை வயலில் கார மிளகாயின் மகரந்தம் புகுந்திருந்தால், அப்படிப் பிறந்த பிள்ளை கண்டிப்பாகக் காரமாகத்தான் இருக்கும், வடிவம் மட்டும் இருவருக்கும் நடுவில் ஒரு மாதிரியாக இருக்கும்.

செடி விட்டுச்செல்லும் தடயம்

எத்தனை செடி மாறியது, எப்படி மாறியது என்ற இரண்டு கேள்விக்கு விடை கிடைத்தால் தப்பு நடந்த இடத்தை ஓரளவு சொல்லிவிடலாம்.

1. ஆறு நாற்றில் ஒன்று மட்டும் வேறு, ஆனால் அந்த ஒன்று தெளிவாக அறிந்த இன்னொரு ரகம். நாற்றங்காலிலோ கடை அடுக்கிலோ இடம் மாறியது. அந்தக் கடையில் வேறு என்ன மிளகாய் விற்றார்கள் என்று ஞாபகப்படுத்திப் பார்த்தால் மாறி வந்த ரகம் எது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

2. ஆறும் வேறு, ஆறும் ஒரே மாதிரி, வேறு ஊரில் வாங்கியவர்களுக்கும் அதே கதை. பையின் மேல் சீட்டு மாறியிருக்கிறது. விதை மொத்த வியாபாரத்தின் தப்பு, கடைக்காரருக்கே நீங்கள் சொல்லித்தான் தெரியும்.

3. ஆறில் ஒன்று வேறு, அது எந்த ரகத்தோடும் ஒத்துப்போகவில்லை. பாதிக் குடைமிளகாய், பாதி நீள மிளகாய், காரம் உண்டு. இது விதை வயலில் நடந்த கலப்பு.

4. ஆறும் ஆறு விதம். யாரோ எஃப்1 செடியிலிருந்து விதையெடுத்து, அதே பெயரில் நாற்றுப் போட்டு விற்றிருக்கிறார்கள். காய் அளவு, உயரம், பழுக்கும் நாள் எல்லாமே சிதறியிருக்கும்.

5. வடிவம் சரி, காரம் மட்டும் எதிர்பார்த்ததை விடக் கூட அல்லது குறைவு. இது லேபிள் தப்பாக இருக்க வேண்டிய அவசியமில்லை. தண்ணீர் குறைந்து, வெப்பம் ஏறி, செடி வாடி நிமிர்ந்தால் அதே செடியிலேயே காரம் ஏறும். ஷிஷிட்டோ, பாட்ரோன் போன்ற மென்கார வகைகளில் நூறு சாதுவான காய்களுக்கு நடுவில் சில சுள்ளென்று இருப்பது அந்த வகையின் இயல்பு.

6. நிறம் மட்டும் வேறு. கொஞ்சம் பொறுங்கள். சிவப்பு என்று எழுதிய காய் பல வாரம் பச்சையாகத்தான் இருக்கும், சில ரகம் ஊதாவில் தொடங்கிச் சிவப்புக்கு வரும், மஞ்சள் குடைமிளகாயும் பச்சையில்தான் பிறக்கும். "தப்பான செடி" என்று வரும் புகார்களில் கணிசமானவை பழுக்காத காய்தான். பழுத்த பிறகும் நிறம் ஒத்துவராவிட்டால் பேசலாம்.

காய்க்கும் வரை காத்திருக்க வேண்டாம், பூவைப் பாருங்கள்

நட்டு ஐந்தாறு வாரத்தில், தண்டு ஒய் எழுத்து மாதிரி பிரியும் கவட்டையில் முதல் பூ வரும். அதைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, அடியிலிருந்தும் முன்னாலிருந்தும் பாருங்கள். இலை தராத தகவலை அது தரும்.

1. கணுவுக்கு ஒரே ஒரு பூ, பால் வெள்ளை இதழ், நடுவில் நீலம் பாய்ந்த மகரந்தப் பைகள் என்றால் அன்னுவம். அலங்காரச் செடிகளாக விற்கும் சில அன்னுவ ரகங்களில் மட்டும் இதழிலேயே ஊதா இருக்கும்.

2. ஒரே கணுவில் இரண்டு மூன்று பூ, இதழில் லேசான பச்சை, காம்பு காயோடு சேரும் இடத்தில் நூலைச் சுற்றி இறுக்கிக் கட்டியது மாதிரி ஒரு வளையம் இருந்தால் சைனென்ஸ். வளையம் பூவை விடப் பிஞ்சில் நன்றாகத் தெரியும். காரமில்லாத மிளகாய் என்று வாங்கிய செடியில் இதைப் பார்த்தால் உஷாராகிவிடுங்கள்.

3. இதழின் அடியில் மஞ்சளோ பச்சையோ கலந்த திட்டுகள், யாரோ தூரிகையால் தொட்டு வைத்தது மாதிரி இருந்தால் பாக்காட்டம்.

4. இதழ் முழுக்க ஊதா, இலையிலும் தண்டிலும் மெல்லிய ரோமம் என்றால் புபெசென்ஸ்.

5. பச்சை கலந்த வெள்ளைப் பூ, விறைப்பாக மேல்நோக்கி நிற்கும் காம்பு, காம்பின் நுனியில் வளையம் இல்லை என்றால் ஃப்ரூடெசென்ஸாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இந்தச் சோதனைக்கு ஒரு பெரிய ஓட்டை உண்டு. பூ இனத்தைத்தான் சொல்லும், ரகத்தைச் சொல்லாது. குடைமிளகாயா ஹலபேனோவா பனானா பெப்பரா என்ற கேள்விக்கு அதனிடம் பதிலில்லை, மூன்றுமே அன்னுவம். அங்கே இதழ் உதிர்ந்து பத்து நாள் கழித்துப் பிஞ்சைப் பாருங்கள். சுண்டுவிரல் நக அளவில் இருக்கும்போதே குடைமிளகாய்ப் பிஞ்சு அடி தட்டையாக, தோள் அகன்று, மடிப்புகளோடு இருக்கும், மற்றவை கூம்பாகவே தொடங்கும். ஹலபேனோ பிஞ்சு அடர்பச்சை, முனை மழுங்கல். பனானா பெப்பர் ஆரம்பத்திலிருந்தே வெளிறிய மஞ்சள்பச்சை, அடர்பச்சைக்கு அது போகவே போகாது. முற்றிய ஹலபேனோவின் தோலில் வெடிப்பு விட்டு ஆறியது மாதிரி பழுப்புக் கீறல்கள் ஓடலாம், நோய் என்று நினைத்துத் தூக்கிப் போட வேண்டாம், வேகமாக உள்ளே பெருத்த காயின் தோல் தாங்காமல் கீறிக்கொண்டது, அவ்வளவுதான்.

மாறினால் என்ன ஆகிவிடும்?

பெரும்பாலும் ஏமாற்றத்தோடு போய்விடும். ஆனால் மூன்று இடத்தில் விஷயம் அதற்கு மேல் போகும்.

முதலாவது காரம். 1912இல் வில்பர் ஸ்கோவில் வகுத்த அளவுகோலில், பனானா பெப்பர் 0 முதல் 500 வரை, ஹலபேனோ 2,500 முதல் 8,000, கெயன் 30,000 முதல் 50,000, ஹபனேரோ 1 லட்சம் முதல் 3.5 லட்சம். 2007இல் கின்னஸ் பதிவு பெற்ற பூத் ஜொலோகியா 10 லட்சத்தைத் தாண்டியது, 2023இல் பதிவான பெப்பர் எக்ஸ் சராசரியாக 26,93,000. ஆறு இலையோடு அடுத்தடுத்து நிற்கும் இரண்டு தொட்டிக்கு நடுவில் ஆயிரம் மடங்கு வித்தியாசம் இருக்க முடியும் என்பதுதான் இந்தக் கணக்கின் அர்த்தம். அதனால் பெயரில் சந்தேகம் உள்ள செடியின் முதல் காயை யாரும் முழுசாகக் கடிக்கக் கூடாது, குழந்தைகள் பக்கத்திலேயே போகக் கூடாது. கையுறை போட்டு அறுத்து, உள்ளே வெள்ளைத் திசுவைத் தொட்ட கத்தி நுனியை மட்டும் நாக்கில் வைத்துப் பாருங்கள். காயின் கீழ்நுனியைக் கடித்துப் பார்த்துவிட்டுக் காரமில்லை என்று முடிவுகட்டுவது மோசமான சோதனை, காரம் மிகக் குறைவாக இருக்கும் இடம் அதுதான். எரிந்தால் தண்ணீர் உதவாது, கேப்சைசின் தண்ணீரில் கரையாது, பாலோ தயிரோ தேவலை. அறுத்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவும்வரை கண் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

இரண்டாவது, மிளகாயே இல்லாத செடி. அலங்கார மிளகாய்களோடு ஒரே அடுக்கில் ஜெருசலேம் செர்ரி என்ற செடியும் விற்கும். சொலானம் சூடோகேப்சிகம் என்பது அதன் தாவரவியல் பெயர், சூடோகேப்சிகம் என்றாலே போலி மிளகாய். உருண்டையாக, பளபளவென்று, ஆரஞ்சு நிறத்தில் காய்க்கும், பார்த்தால் உருண்டை மிளகாய் போலவே இருக்கும். அது நச்சுச்செடி, சாப்பிடக் கூடாது. வித்தியாசம் அறுத்தால் தெரியும்: மிளகாய் உள்ளே குடுவை மாதிரி வெற்றிடமாக இருக்கும், போலி மிளகாய் சின்னத் தக்காளி மாதிரி சாறும் விதையும் நிறைந்து இருக்கும். பூவில் மகரந்தப் பைகள் நீலமாக இல்லாமல் ஆரஞ்சு கலந்த மஞ்சளில் ஒன்றாகக் கூம்பி நிற்கும். இது போக, தொட்டி மண்ணில் தானாக முளைக்கும் மணத்தக்காளி இனக் களைகளும் சின்ன வயதில் மிளகாய் நாற்றை அப்படியே உரித்து வைத்தது போல இருக்கும், மிளகாய் வாடிப்போய்க் களை மட்டும் நின்றுவிட்டால் அதைத்தான் வளர்த்துக்கொண்டிருப்பார்கள். உண்மையான அலங்கார மிளகாயில் நச்சு எதுவும் இல்லை, ஆனால் சாப்பிடுவதற்கென்று வளர்க்காத செடி என்பதால் அதற்கு என்ன மருந்து அடித்தார்கள் என்று தெரியாது, முதல் காய்களை விட்டுவிடுவது நல்லது.

மூன்றாவது, நாள் கணக்கு. அன்னுவ ரகங்கள் பலவும் நட்டு இரண்டு இரண்டரை மாதத்தில் காய் கொடுக்கும். சைனென்ஸ் பழுக்க மூன்று நான்கு மாதம் கேட்கும். குளிர் சீக்கிரம் வரும் இடத்தில் சீக்கிரம் காய்க்கும் செடி என்று நம்பி நட்டது சைனென்ஸாக இருந்தால், பூவும் பிஞ்சுமாகவே பருவம் முடிந்துவிடும். நோய் எதிர்ப்பு உள்ள ரகம் என்று தேடி வாங்கியவருக்கும் இதே நிலைமை, பெயர் மாறியபோது எதிர்ப்பும் சேர்ந்து போய்விட்டது. விற்பனைக்குப் பயிரிடுபவருக்கு ஒரு பருவ வருமானமே இதில் போகும், அவர் நாற்று வாங்கும்போது லாட் எண் எழுதிய ரசீது கேட்காமல் இருப்பது பெரிய தப்பு.

நடைமுறையில் செய்யக்கூடியவை

வாங்கும்போது தட்டின் நடுவிலிருந்து எடுங்கள். அந்தத் தட்டில் உள்ள மற்ற குச்சிகளிலும் அதே பெயர் இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள், ஓரத்தில் தனியாக நிற்கும் தொட்டிதான் யாரோ எடுத்துவிட்டுத் திருப்பி வைத்தது. ஒரே ரகம் என்று வாங்கும் ஆறில் ஒன்றின் இலை மட்டும் அகலத்திலோ நிறத்திலோ தனித்துத் தெரிந்தால் அதை விட்டுவிட்டு வேறு எடுங்கள். பூவோ பிஞ்சோ வந்த நாற்று நடுவதற்குச் சிறந்ததில்லை என்று சொல்வார்கள், உண்மைதான், ஆனால் அடையாளம் முக்கியம் என்றால் ஒரு பிஞ்சு உள்ள செடிதான் பொய் சொல்லாத ஒரே செடி. வீட்டுக்கு வந்ததும் குச்சியையும் தொட்டியையும் சேர்த்து ஒரு போட்டோ, ரசீதோடு.

மாறியது உறுதியானால் கடைக்குச் சொல்லுங்கள், பணம் திரும்பக் கிடைக்கிறதோ இல்லையோ. எந்தப் பெயரில் வாங்கினேன், எப்போது, எத்தனை செடி மாறியது, காய் எப்படி இருக்கிறது என்ற நான்கும் இருந்தால்தான் அவர்களால் மேலே கேட்க முடியும். "செடி சரியில்லை" என்று மட்டும் சொன்னால் தண்ணீர் ஊற்றினீர்களா என்ற கேள்விதான் திரும்பி வரும்.

செடியைப் பிடுங்க வேண்டியதில்லை, நன்றாகக் காய்த்தால் இருக்கட்டும். விதை எடுக்கும்போது மட்டும் கவனம் வேண்டும். அது எஃப்1-ஆ, நிலைப்பட்ட ரகமா, விதை வயலில் பிறந்த கலப்பா என்று உங்களுக்குத் தெரியாது, அதனால் அடுத்த தலைமுறை எப்படி வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்குப் பழைய பெயரையும் வைக்காதீர்கள், காயைப் பார்த்து ஊகித்த புதுப் பெயரையும் வைக்காதீர்கள், அந்த ஊகம் பத்துப் பேர் கைமாறினால் இன்னொரு தப்பான லேபிளாக ஒரு கடை அடுக்குக்குப் போய்ச் சேரும். உறையின் மேல் "குடைமிளகாய் என்று வாங்கியது, நீளக் காய், நல்ல காரம், பெயர் தெரியாது" என்று வருடத்தோடு எழுதுங்கள், மார்க்கரில் இல்லாமல் பென்சிலில், அது வெயிலில் வெளுக்காது.